காரணம் எழுதும் கட்டம்

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் மெர்லின் நோட்டுப் போடச் சொல்லிவிட்டார். "பொண்ணு எத்தனை தடவை அழுதாள்னு கேட்டா, நெறைய தடவைன்னு சொல்றீங்க. அதை வெச்சு நான் என்ன பண்றது? தூங்கின நேரம், அலறின நேரம், எத்தனை நிமிஷம். மூணையும் தினம் எழுதி மூணு வாரம் கழிச்சு எடுத்துட்டு வாங்க" என்றார். வெளியே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை.

நோட்டு எழுதுவது எனக்குப் புதிதில்லை. நூல் மில்லில் பிட்டர் வேலை, மிஷினைச் சரிசெய்வது. மிஷின் நின்றால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்: நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம். அதனால் இதிலும் டாக்டர் கேட்காத ஒரு நாலாவது கட்டத்தை நானாகப் போட்டுவிட்டேன். காரணம் தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது.

வலது பக்கம் டாக்டருக்கு. இடது பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் என் பாட்டுக்கு ஏதாவது எழுதிக்கொள்கிறேன். பெண்டாட்டி பரிமளா பார்க்க மாட்டாள். பனியன் கம்பெனி பீஸ்களை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள். அதைத் தைத்து முடிப்பதற்குள் அவளுக்குக் கண் செருகிவிடும்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் சம்யுக்தாவுக்கு, வீட்டில் சம்மு, ஆறு வயது. முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். அதிலிருந்து, தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆனதும் சில நாள் அலறுகிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களைப் பார்ப்பதில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. "விடு! விடு!" என்று கையாலும் காலாலும் தள்ளுகிறாள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து, ஒன்றும் நடக்காத மாதிரி படுத்துத் தூங்கிவிடுகிறாள். காலையில் கேட்டால், "நான் அழுவவே இல்லியே" என்று எங்களைக் கிறுக்கர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

ஜூலை 10, புதன்

எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் செகண்ட் ஷிப்ட். இது செகண்ட் ஷிப்ட் வாரம். பத்தரைக்கு மில்லை விட்டால் வீடு வரப் பத்தே முக்கால் ஆகிவிடும். பரிமளா குழம்பைச் சுட வைக்க அடுப்படிக்குப் போனாள். நான் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, சம்முவின் பாயருகே உட்கார்ந்தேன்.

தூங்குகிற பிள்ளையைப் பார்த்து ரசிக்கக் கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பது பரிமளாவின் சட்டம். தூக்கவே கூடாது என்பது அதற்கும் மேலே. இந்த வாரத்தில் நான் வேறு எப்போது பார்ப்பது? மத்தியானம் நான் கிளம்பும்போது அவள் பள்ளியில் இருக்கிறாள். காலையில் நான் கண் விழிப்பதற்குள் வேன் வந்து போய்விடுகிறது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறவரைக்கும்தான் என் நேரம். மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கனத்துவிட்டாள். தலையில் வெயில் வாசனை.

பிறகு அலறினாள். பரிமளா கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னாச்சுங்க?"

"அழுதா. தூக்குனேன்" என்றேன்.

(தூங்கியது 9.15. அலறியது 10.55. எட்டு நிமிடம். காரணம்: ராத்திரியில் தயிர்.)

ஜூலை 11, வியாழன்

(9.20. 10.50. ஆறு நிமிடம். காரணம்: காற்று. ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.)

ஜூலை 12, வெள்ளி

கடைசி நேரத்தில் ஒரு மிஷினில் பெல்ட் அறுந்து, வீடு வர ராத்திரி ஒன்றரை மணி. கதவைத் திறந்துவிட்ட பரிமளா மறுபடி சம்முவை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். நான் இந்தப் பக்கம் படுத்தேன். அலறல் இல்லை. அலறாத நாளுக்குக் காரணம் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஜூலை 13, சனி

நேற்று அறுந்த பெல்ட்டைப் போன வாரம் மாட்டியவன் நான்தான். இறுக்கம் கூடிவிட்டது. ரிஜிஸ்டரில் காரணம்: பவர். மில்லில் இது எழுதாத சட்டம். பிட்டரின் கைப்பிழை என்றால் எல்லோரும் "பவர்" என்றுதான் எழுதுவோம். கரண்டு வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. சூப்பர்வைசருக்கும் தெரியும். அவரும் பிட்டராக இருந்தவர்தான்.

ராத்திரி சம்மு பத்து நிமிடம் அலறினாள். என் கன்னத்தில் நகம் கீறிவிட்டது. பரிமளா என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்று எழுதுகிறேன், பிடுங்கினாள் என்பதே சரி.

(9.10. 10.55. பத்து நிமிடம். காரணம்: டிவி.)

ஜூலை 14, ஞாயிறு

மாரியம்மன் கோயிலில் மந்திரித்து, சம்முவின் கையில் கறுப்புக் கயிறு கட்டினோம். எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா சொல்லித்தான் போனோம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரே சுவர். ராத்திரி அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீட்டுச் சத்தமும் அவருக்குக் கேட்காமலா இருக்கும்? வண்டி எடுக்கும்போது என் கன்னத்தையே பார்த்தார்.

ஜூலை 20, சனி

வாரம் முழுக்கக் காலை ஷிப்ட். ஒரு நாள்கூட அலறல் இல்லை. ஏழு வரிசையிலும் காரணம்: கயிறு.

நாலு மணிக்கு வேனிலிருந்து இறங்கி, பையை எறிந்துவிட்டு என் முதுகில் ஏறிக்கொள்கிறாள். மில்லில் பூதம் உண்டா என்று கேட்டாள். பஞ்சுப் பூதம் ஒன்று உண்டு, தும்மினால் மழை பெய்யும் என்றேன். ராத்திரி அவள் தூங்கியபின் நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். இந்த வாரத்தில் தூக்கவே தோன்றவில்லை. சாயங்காலம் முழுக்க என் மேல்தானே கிடந்தாள்.

ஜூலை 22, திங்கள்

கயிறு கையில்தான் இருக்கிறது. ஆனாலும் அலறினாள். "விடு! என்னை விடு!" இதுவரை இல்லாத சத்தம். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார். திறந்தபோது சம்மு என் கையில் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க தம்பி, மில்லு விட்டு வந்ததும் வராததுமா பிள்ளைய என்ன பண்றீங்க?"

"அது தூக்கத்துல அழுவுதுங்க."

"தூக்கத்துல அழுவற பிள்ள, விடுன்னா சொல்லும்? நான் அஞ்சு பெத்தவ. என்ற வீட்டுல பிள்ளைய அடிக்கற சோலியெல்லாம் ஆகாது, சொல்லிப்போட்டன்."

பரிமளா எனக்காக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சம்முவின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(9.15. 10.50. பன்னிரண்டு நிமிடம். காரணம்: )

ஜூலை 23, செவ்வாய்

காலையில் விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். பரிமளா சடை பின்னிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டாள். "கண்ணு, அப்பா உன்னைய அடிச்சுதா?"

"எப்ப?"

"ராத்திரி."

"ராத்திரி அப்பா மில்லுக்கில்ல போயிருக்கும்?"

"கிள்ளுச்சா? பயமுறுத்துச்சா? அம்மாகிட்டச் சொல்லு கண்ணு."

"இல்லம்மா. சடை வலிக்குது."

வேன் போகிறவரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. பத்து வருடம் கூடவே இருந்தவள். என்னிடம் நேராகக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ராத்திரி வந்தபோது சோறு போட்டு மூடி வைத்திருந்தது. பரிமளா அடுப்படிப் பக்கமே போகவில்லை. சம்முவின் பாயை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், கையில் தைக்க ஒரு துணிகூட இல்லை. காவல் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அலறல் இல்லை.

ஜூலை 24, புதன்

பரிமளா நோட்டை எடுத்து வலது பக்கங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். "நீங்களே பாருங்க. காலை ஷிப்ட் வாரத்துல ஒண்ணுமே இல்ல. நீங்க ராத்திரி வர்ற வாரத்துல மட்டும். அதுவும் நீங்க வந்த அஞ்சாவது நிமிஷம். நேத்து நான் பக்கத்துல இருந்தேன், அழுவல. நான் என்னன்னு நெனைக்கறதுங்க?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்ன நெனைக்கறயோ அதையே நெனச்சுக்க" என்று கத்தினேன். சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் மில்லுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. ஆடி மாசம், அம்மா கூப்பிட்டாள் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, சம்முவோடு காங்கயத்துத் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாவியைத் தரும்போது அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

கைகால் கழுவிக்கொண்டு, பழக்கதோஷத்தில் பாய் இருக்கும் மூலைக்கே போனேன். சுருட்டி வைத்திருந்தது.

ஜூலை 26, வெள்ளி

பரிமளா போன் செய்தாள். "இங்க ரெண்டு நாளா பிள்ள ஒரு சத்தம் போடலீங்க."  அவளாகக் கட் பண்ணுகிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 27, சனி

மூன்று வாரம் ஆக இன்னும் மூன்று நாள் இருந்தது. பொறுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மெர்லின் வலது பக்கங்களைப் பார்த்தார். காரணக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "தயிரா?" என்றார். பிறகு சிரிக்கவில்லை. பேனாவால் நேரங்களின் கீழே ஒவ்வொரு கோடாகப் போட்டார்.

"மில்லுல இருந்து வந்ததும் என்ன செய்வீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கைகால் கழுவுவேன். சாப்பிடுவேன்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

ரிஜிஸ்டர் எழுதும்போது சூப்பர்வைசர் சில நேரம் இப்படித்தான் பார்ப்பார். பவர் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன், பெண்டாட்டி அடுப்படியில் இருக்கும்போது. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு ஆம்பிள்ளை டாக்டர் முன்னால் அழுதால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அவர் அவசரப்படவில்லை. குழந்தைகளுக்குத் தூங்கிய முதல் இரண்டு மணி நேரம்தான் மிக ஆழ்ந்த தூக்கமாம். அந்த நேரத்தில் தூக்கினாலோ அசைத்தாலோ, ஏன், வயிறு முட்ட மூத்திரம் இருந்தால்கூட, சில குழந்தைகளுக்கு உடம்பு மட்டும் பாதி விழித்துக்கொள்ளும். மூளை தூங்கிக்கொண்டே இருக்கும். நைட் டெரர் என்று பெயராம். கெட்ட கனவு விடியற்காலத்தில் வரும், குழந்தை விழித்துக்கொண்டு கனவைச் சொல்லும். இது அப்படியில்லை. பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் சம்முவின் மத்தியானத் தூக்கம் போய்விட்டது. களைப்பு கூடினால் இதுவும் கூடுமாம்.

"சின்ன வயசுல உங்களுக்கு இந்த மாதிரி உண்டா?"

யோசித்தேன். ராத்திரியில் எழுந்து நடந்துபோய் மாட்டுக் கட்டுத்தறியில் நிற்பேன் என்று அப்பா சொல்லுவார். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப வம்சத்துலயே கொஞ்சம் இருக்கு. நீங்க அவளை ஒண்ணும் பண்ணல, புரியுதா? அவ உங்களைப் பாக்கவே இல்ல. உங்களைத் தள்ளல, யாரையும் தள்ளல. தூக்கத்துல இருக்கா, அவ்வளவுதான். எழுப்பாதீங்க, பிடிக்காதீங்க. அடிபடாம பக்கத்துல இருங்க. தானா அடங்கிடும். அரை மணி முன்னாடியே தூங்க வைங்க. வளர வளரப் போயிடும்."

எழும்போது கேட்டேன். "அப்ப நான் எப்பத்தான் தூக்கறதுங்க?"

"முழிச்சிருக்கும்போது" என்றார்.

வெளியே வந்து, 22-ஆம் தேதி காலியாக விட்டிருந்த கட்டத்தில் "நான்" என்று எழுதினேன். தயிர், காற்று, டிவி மூன்றையும் அடித்துவிட்டு அங்கேயும் எழுதினேன்.

ஜூலை 28, ஞாயிறு

காங்கயம் போனேன். சம்மு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பரிமளா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாயால் சொல்ல எனக்கு வராது. நோட்டை நீட்டி, "இடது பக்கத்தப் படி" என்றேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்து படித்தாள். பத்தாம் தேதியை இரண்டு தடவை படித்தாள். படித்து முடித்துவிட்டும் நோட்டை மூடவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? பெத்த பிள்ளையத் திருட்டுத்தனமாத் தூக்கோணுமா?"

"கண்ணு படும்னு நீதான சொன்ன."

"சொன்னா? அடிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? நான் எத்தன நாள் எப்படியெல்லாம் நெனச்சேன் தெரியுமா?" அழுதாள். அழுகை நின்றபின் மெதுவாகச் சொன்னாள். "டாக்டர் சொல்றது செரிங்க. ஆனா விடு, விடுங்கறாளே. யாராச்சும் புடிக்காம ஒரு பிள்ளைக்கு அந்தப் பேச்சு எங்கிருந்துங்க வரும்?"

நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன். சாயங்கால பஸ்ஸில் மூவரும் வந்தோம். ஜன்னலோரம் சம்மு, நடுவில் பரிமளா, இந்த ஓரம் நான்.

ஆகஸ்ட் 3, சனி

வாரம் முழுக்கக் காலை ஷிப்ட். எட்டரைக்கே படுக்க வைக்கிறோம். டிவியை அணைத்தால் சம்மு சண்டைக்கு வருகிறாள். அலறல் இல்லை. ஆனால் காலை ஷிப்ட் வாரத்தில் எப்போதுமே அலறல் இருந்ததில்லை. அது பரிமளாவுக்கும் தெரியும். திங்கட்கிழமை மறுபடியும் செகண்ட் ஷிப்ட்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வந்தேன். பரிமளா அடுப்படிக்குப் போனாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று நினைக்கிறேன். பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. நான் பாயிலிருந்து இரண்டு கை தூரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

தொடவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தொடவில்லை. போர்வை விலகியிருந்தது. பரிமளாவைக் கூப்பிட்டுப் போர்த்தச் சொன்னேன். அவளும் போர்த்தவில்லை, பயந்துகொண்டு. இருவரும் மின்விசிறியைக் குறைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 7, புதன்

பள்ளியில் ஓட்டப்பந்தயமாம். வெயிலில் ஓடிவிட்டு, வந்தும் ஆடிக் களைத்து, ஒன்பதரைக்குத்தான் தூங்கியிருக்கிறாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமளா எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றினாள். அப்போது சம்மு எழுந்து உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது. அலறல். "விடு! விடு! என்னை விடு!" காற்றைத் தள்ளினாள். காலை உதைத்துக்கொண்டாள்.

பரிமளா பாய்ந்தாள். பாயருகே போனவள் நீட்டிய கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எச்சில் கையோடு அப்படியே இருந்தேன். சம்மு என்னிடமிருந்து எட்டடி தூரத்தில் இருந்தாள். அவளைத் தொட்டுக்கொண்டு யாருமே இல்லை.

"விடு!"

பரிமளா கையை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்டூலைத் தள்ளி வைத்தாள், தலை இடிக்காமல். நானும் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நடுவில் எங்கள் பிள்ளை, அங்கே இல்லாத ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா இருமினார். பரிமளா சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "யாரும் தொடலீங்கம்மா. நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன். யாருமே தொடல. பிள்ள தூக்கத்துல சொல்லுது."

நாலாவது நிமிடம் சம்மு கொட்டாவி விட்டுச் சாய்ந்தாள். கட்டை விரல் வாய்க்குப் போனது. மூச்சு சீரானது. பரிமளா தன் கையை எடுத்து என் எச்சில் கை மேல் வைத்தாள்.    சோறு காய்ந்து விரலோடு ஒட்டுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கை கழுவிவிட்டு நோட்டை எடுத்தேன். 9.30. 10.55. நாலு நிமிடம். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பரிமளா பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் "நான்" என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். அங்கே வேறு எதுவும் எழுதவில்லை. இன்றைய கட்டத்தில் மட்டும் எழுதினாள்: ஓட்டப்பந்தயம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆறு மணிக்கு என்னை எழுப்பிவிடச் சொல்லியிருந்தேன். வேன் வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். தூக்கம் குறைந்தால் குறையட்டும். பரிமளாவுக்குத் தோசை வேலை, அதனால் சம்முவை அனுப்பியிருக்கிறாள்.

எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது பாயிலிருந்து இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். "அப்பா... அப்பா..." என்று காற்றுக்கு வலிக்காமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு அங்கயே நிக்கற?"

"தூங்கறவங்களத் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு" என்றாள், பல் இல்லாத வாயால். "நான் தொடவே இல்லப்பா."

"அப்பா முழிச்சுட்டேன் கண்ணு. இப்பத் தொடலாம்" என்று கையை விரித்தேன். ஓடிவந்து என் வயிற்றின் மேல் தொப்பென்று விழுந்தாள்.